கூடாரத்தோடு ஒரு மண்வெட்டி

இவ்வாரத் தியானப் பகுதி: உபாகமம் 23:12-14, மாற்கு 6:30-44



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சபைக் குடும்பங்களிடையே ஒரு பேச்சு எழுகிறது. முன்பெல்லாம் வேனில் கொடைக்கானல் சென்று, ஏரியைச் சுற்றி, படகில் ஏறி, மாலையில் திண்டுக்கல் திரும்பிவிடுவோம். இப்போது பலருக்கு அது போதவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலை முடியும் இடத்துக்கும் அப்பால் சென்று, ஓரிரவு தங்கி வர விரும்புகிறார்கள். மூத்தோர் சிலர் இதை வீண் செலவு என்கிறார்கள். இளையோரோ, படைப்பைக் காணச் செல்வதும் ஆராதனைதானே என்கிறார்கள். இதில் ஆயரின் கருத்து என்ன என்று இரு சாராரும் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லுங்கள். ஆனால் கூடாரத்தோடு ஒரு மண்வெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். ஏன் மண்வெட்டி என்பதுதான் இவ்வாரத் தியானம்.

நாம் சமவெளி மக்கள். பாறைக்கோட்டையின் அடியில், வெயிலில் காய்ந்த ஊர் நம்முடையது. ஆயினும் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் கண்ணில் மலை படுகிறது. மேற்கே பழனிமலைத் தொடர், தெற்கிலும் கிழக்கிலும் சிறுமலை, வடகிழக்கே அய்யலூரைத் தாண்டிக் கடவூர்க் குன்றுகள். அனல் பறக்கும் சித்திரையில் அந்த நீலத்தைப் பார்க்கிற மனிதனுக்கு ஏறிச் செல்லவேண்டும் என்ற ஏக்கம் வருவது இயல்பு. அதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வேத ஆதாரம் இல்லை. ஊழியம் முடித்துக் களைத்து வந்த சீஷரைத் தனிமையான ஓரிடத்துக்குச் சென்று சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் நம் ஆண்டவர். மாற்கு அவ்விடத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'எரேமோஸ்'. ஆளற்ற இடம் என்று பொருள். பழைய ஏற்பாட்டில் வனாந்தரத்தைக் குறிக்கும் 'மித்பார்' என்ற எபிரெயச் சொல்லும் வெறும் மணற்காட்டைக் குறிப்பதன்று. மந்தை மேயும், உழப்படாத நிலத்தையும் அது குறிக்கும். ஆகவே வேதத்தின் வனாந்தரத்தை அரேபியாவில் மட்டும் தேடவேண்டியதில்லை. நம் அய்யலூர்க் காட்டுக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

நம் திருச்சபையின் வரலாறும் மலையோடு பிணைந்ததே. 1834இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனின் ஊழியர்கள் காலராவினாலும் காய்ச்சலினாலும் தங்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் இந்தச் சமவெளியில் அடக்கம் செய்தவர்கள். உயிர் பிழைக்கக் குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலைக்குச் சென்றார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்பு பழனிமலையில் ஏறி, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் உல்லாசமாக ஏறும் மலை, அவர்களுக்கு உயிர் காக்கும் புகலிடமாக இருந்தது.

அந்த வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கமும் உண்டு. மோட்டார் சாலை வருமுன், மலையேறியவர்களில் பலர் தங்கள் கால்களால் ஏறவில்லை. அடிவாரத்திலிருந்து நாற்காலிகளிலும் டோலிகளிலும் அமர்ந்து, நம் ஊர்க் கூலியாட்களின் தோள்களில் சென்றார்கள். ஒருவருடைய இளைப்பாறுதல் மற்றொருவருடைய தோளின் மேல் ஏறிச் சென்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது உபாகமத்துக்கு வருவோம். ஞாயிறு பிரசங்கங்களில் அரிதாகவே வாசிக்கப்படும் பகுதி அது. இஸ்ரவேலர் பாளயமிறங்கும்போது மலஜலம் கழிக்கப் பாளயத்துக்குப் புறம்பே ஓரிடம் வேண்டும். அதற்குத் தோண்டும் கருவியொன்றை ஆயுதங்களோடு வைத்திருக்க வேண்டும். குழி தோண்டி, மூடிவிட்டு வரவேண்டும். சுகாதார விதி போலத் தோன்றும் இதற்கு மோசே சொல்லும் காரணம் நம்மைத் திகைக்க வைக்கிறது. கர்த்தர் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவுகிறார். ஆகையால் அது பரிசுத்தமாயிருக்க வேண்டும் என்கிறார். ஆசரிப்புக் கூடாரம் மட்டுமன்று, மனிதர் உண்டு உறங்கிக் கழிவறை தேடும் அந்தத் தரையும் தேவன் நடக்கும் தரை.

இந்த ஒரு வசனத்தை நம்பினால், நம் கூடாரப் பயணங்களில் மூன்று காரியங்கள் மாறவேண்டும் என்று எண்ணுகிறேன்.

முதலாவது, நாம் விட்டு வரும் குப்பை.

மலையில் நாம் கொட்டுவது மலையிலேயே தங்கிவிடும் என்று நினைக்கிறோம். திண்டுக்கல்லில் வாழும் நாம் அப்படி நினைக்கக் கூடாது. நம் நகரத்துக் குழாய்களுக்கு நீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை நிரப்புவது பன்றிமலை, ஆடலூர்ப் பகுதிகளிலிருந்து இறங்கும் ஓடைகள்தாம். பெரியகுளத்து மக்களின் குடிநீருக்கு ஆதாரம் கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள பேரிஜம் ஏரி. மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லா மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. கனத்த சக்கரங்கள் அந்தப் புல்வெளியில் ஏறினால் மண் இறுகுகிறது. சக்கரத் தடம் மழையில் ஓடையாகிறது; ஓடை மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. ஆகவே ஓடைக்கரையில் அசுத்தம் செய்துவிட்டு வருகிறவன் தன் வீட்டுக் குடத்தில்தான் அதைச் செய்கிறான்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை. சட்டம் அறியாதவர்கள் நம்மில் எவருமில்லை. இருந்தும் சோதனைச்சாவடியில் இருக்கையின் அடியில் பாட்டில்களை மறைக்கிறோம். பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கற்பனைகளைக் கற்ற பிள்ளை, அந்த ஐந்து நிமிடத்தில் வேறொரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது.

மாற்கு 6ஆம் அதிகாரத்தை மீண்டும் பாருங்கள். வனாந்தரமான அந்த இடத்தில் ஐயாயிரம் புருஷர் பசும்புல்லின் மேல் பந்தி அமர்ந்து உண்டார்கள். உண்டு முடிந்தபின் நடந்தது என்ன? மீதியான துணிக்கைகள் பன்னிரண்டு கூடை நிறைய எடுக்கப்பட்டன. ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்குச் சேர்க்கும்படி ஆண்டவரே கட்டளையிட்டதை யோவான் பதிவு செய்கிறார். அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவர், மீந்ததைச் சேர்க்கச் சொன்னார். நாம் அந்தப் பன்னிரண்டு கூடைகளை ஆசீர்வாதத்தின் நிறைவு என்றே பிரசங்கிக்கிறோம். அது மெய். ஆயினும் அந்தப் புல்வெளி அன்று மாலை சுத்தமாக இருந்தது என்பதும் மெய். உங்கள் வண்டியில் போகும்போது நிறைந்திருக்கும் சாக்கு, வரும்போதும் நிறைந்திருக்கட்டும்.

இரண்டாவது, எல்லைகள்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி எதற்காக உருவானது? சாதாரண வண்டிகளில் இரண்டு சக்கரங்களே இழுக்கின்றன. அவை சேற்றில் புதைந்தால் வண்டி நின்றுவிடும். இந்த வண்டியில் நான்கும் இழுப்பதால் கல்லிலும் சேற்றிலும் ஏறிவிடும். நம் மேல்மலைக் கிராமங்களில் பூண்டு மூட்டையையும் கேரட் மூட்டையையும் பிரசவ வேதனையில் இருக்கும் தாயையும் சுமந்து வருவது இத்தகைய ஜீப்புகளே. பாதையற்ற மக்களுக்கு அது கருணையான இயந்திரம். அதே வண்டி நம் கையில் வந்ததும் வேறொரு சோதனையைக் கொண்டுவருகிறது. எங்கும் போக முடியும் என்பதால், எங்கும் போகலாம் என்று மனம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் எல்லாம் தகுதியாயிராது என்ற பொருளில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முடிவதற்கும் தகுவதற்கும் இடையே உள்ள தூரத்தை அறிவதே ஞானம்.

2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் அண்டை மாவட்டமான தேனியில், போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேற வந்திருந்தவர்கள் அதில் சிக்கினார்கள். அவர்களில் 23 பேர் மரித்தார்கள். பெரும்பாலானோர் இளைஞர், புதுமணத் தம்பதியரும் இருந்தார்கள். மரித்தவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் உயிரோடிருக்கிற நாம் கற்றாக வேண்டும். மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து திரியாக நிற்கிறது. தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். காற்று சேர்ந்தால் ஓடுகிற மனிதனால் அதை முந்த முடியாது. நம் விடுமுறைக் காலமும் காட்டின் தீக்காலமும் ஒன்றே. குளிருக்கு மூட்டும் சிறு நெருப்பு, அணைத்தோம் என்று எண்ணிய கங்கு, எறிந்த தீக்குச்சி ஆகியவற்றில் ஒன்று போதும்.

அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில், உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்லும் 40 பாதைகளை வனத்துறை திறந்தது. ஆகவே முறையான வழி நமக்கு அடைக்கப்படவில்லை. அனுமதியற்ற தனியார் கூடாரத் தங்குமிடங்களை நாடவேண்டிய தேவையும் இல்லை.

கொடைக்கானலுக்குச் செல்ல 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. நம் மாவட்டத்து மலைக்கு நமக்கே கட்டுப்பாடா என்று சபையில் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். மலையை நம்பிப் பிழைக்கும் கடைக்காரருக்கும் ஓட்டுநருக்கும் இதில் உண்மையான வருத்தம் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் லேவியராகமம் 25ஐ வாசியுங்கள். தேசத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். மனிதனுக்கும் மாட்டுக்கும் ஓய்வு கொடுத்தவர் மண்ணையும் மறக்கவில்லை. மலை மூச்சுவிட ஓர் எண்ணிக்கை வேண்டுமென்று நீதிமன்றம் சொல்லும்போது, அதில் அந்தப் பழைய கட்டளையின் எதிரொலியை நான் கேட்கிறேன்.

எல்லை மலைக்கு மட்டும் உரியதன்று. அய்யலூர், கடவூர்ப் பகுதிகளின் வறண்ட காடுகள் 2022 அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. உருண்டைக் கண்களோடு இரவில் மெல்ல நகர்ந்து, பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று நம் உழவருக்கு உதவும் சிறு பிராணி தேவாங்கு. அதன் காட்டோரத்தில் நள்ளிரவில் முகப்பு விளக்குகளை எரியவிட்டுப் பாட்டு ஒலிக்கச் செய்வது, ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அவர் முகத்தில் விளக்கடிப்பதற்கு ஒப்பாகும்.

நம் சபைப் பிள்ளைகளில் சிலர் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'அவுட்பேக்' என்னும் உள்நாட்டு வறண்ட வெளிக்குக் குடும்பத்தோடு ஜீப்பில் செல்வது அங்கே வழக்கம். அங்கே முதலில் கற்பிக்கப்படுவது துணிச்சலன்று, அடக்கம். தேவைக்கு மிஞ்சிய தண்ணீர் எடுத்துச் செல். எந்த வழியில் போகிறாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. வண்டி பழுதானால் அதை விட்டு நடக்காதே. அந்நாட்டின் நடுவிலுள்ள உலுரு என்ற பெரும்பாறையில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டது. அப்பாறையைப் புனிதமாக மதிக்கும் அனங்கு பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அதைக் கேட்டு வந்தார்கள். அவர்கள் நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும் விருந்தாளி வீட்டுக்காரரின் சொல்லுக்குச் செவிகொடுப்பது எல்லா விசுவாசத்துக்கும் பொதுவான மரியாதை. நம் மலைகளிலும் பளியர் முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அங்கே நாம் விருந்தாளிகள்.

மூன்றாவது, யாருக்கு இளைப்பாறுதல் என்ற கேள்வி.

இதையே நான் அதிகம் வற்புறுத்த விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஜீப்பை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுக்கிறோம். இரவில் குடும்பம் கூடாரத்தில் படுக்கிறது. ஓட்டுநர் எங்கே படுக்கிறார்? முன்னிருக்கையில், கால்களை மடக்கி, மெல்லிய போர்வையோடு. மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கைகளில் இருக்கிறது. கூடாரத்துக்குள்ளும் பாருங்கள். ஆண்கள் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசுகிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், தாய் கல் அடுப்பில் ஊதிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எரிவாயு அடுப்பிலும் மிக்ஸியிலும் செய்த வேலையை, அங்கே புகையிலும் குளிரிலும் செய்கிறாள். அவளுக்கு இது எவ்விதத்தில் ஓய்வு?

உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை ஒரு பட்டியலாக நீள்கிறது. குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன். உன்னைப்போல அவர்களும் இளைப்பாற வேண்டும் என்பதே அதன் நோக்கம். முன்னே சொன்ன டோலியை நினைவுகூருங்கள். மற்றொருவர் தோளில் ஏறிச் செல்லும் இளைப்பாறுதல் வேதத்தின் இளைப்பாறுதலாகாது. ஆகவே ஓட்டுநருக்கும் ஒரு கூடாரம் அல்லது ஓர் அறை, நம்மோடு ஒரே பந்தியில் உணவு, முழு இரவுத் தூக்கம் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் முதலில் எழுதுங்கள். சமையலை ஆண்களும் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ளுங்கள். சோறு குழைந்தால் குழையட்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சீஷரை உண்ண அழைத்ததை யோவான் 21இல் வாசிக்கிறோமே. பரிமாறுவது அவருக்கே இழிவாகத் தோன்றவில்லை.

இறுதியாக, கூடாரம் என்ற சொல்லைக் குறித்து.

ஆண்டுக்கு ஒருமுறை ஏழு நாள் வீட்டை விட்டுக் கூடாரங்களில் தங்கும்படி லேவியராகமம் 23 இஸ்ரவேலருக்குக் கட்டளையிடுகிறது. தங்கள் முன்னோர் வீடற்றவர்களாயிருந்ததைச் சந்ததியார் அறியவேண்டும் என்பதே காரணம். கட்டிய வீட்டில் வசிக்கிறவன், வீடற்றவனைத் தன் உடம்பினாலே நினைவுகூரும் பண்டிகை அது. நம் கூடார இரவும் அப்படி ஆகலாம்.

நம் சமவெளியிலேயே அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு, மந்தையோடு வெட்டவெளியில் படுத்துறங்கும் மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். பனி அவர்களுக்கு வாரயிறுதி அனுபவமன்று. நம் நகருக்கு அருகே தோட்டனூத்து இருக்கிறது. 'கேம்ப்' போகிறோம் என்று நாம் மகிழ்ச்சியோடு சொல்லும் அதே சொல், அங்கே இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ்ச் சகோதரருக்குப் பல பத்தாண்டுகளாக முகவரியாக இருந்தது. 2022 செப்டம்பரில் அங்கே 321 குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் திறக்கப்பட்டன. முகாமில் பிறந்து, முகாமில் மணமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களுக்குக் கதவும் பூட்டும் உள்ள ஒரு வீடு கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும் என்று, கூடாரத் துணியின் மேல் மழை விழும் ஓர் இரவில் உங்கள் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். அந்தப் பேச்சு நிகழுமானால் உங்கள் பயணச் செலவு வீணன்று என்று மூத்தோரிடம் நானே பரிந்து பேசுவேன்.

ஞாயிறு ஆராதனையைக் குறித்துக் கேட்பீர்கள். பயணத்தை வெள்ளி, சனியில் அமைத்துக்கொள்வது நலம். இயலாதபோது மலைக் கிராமத்துச் சபை எதிலாவது சென்று அமருங்கள். தகரக் கூரையின் கீழ் இருபது பேர் பாடும் கீர்த்தனையில் உங்கள் குரலும் சேரட்டும். அவர்கள் காணிக்கைப் பையில் உங்கள் காணிக்கையும் விழட்டும்.

அன்பானவர்களே, காட்டில் தேவனைத் தேடுகிறோம் என்று சொல்லிப் புறப்படுகிறோம். நாம் சென்று சேருமுன்னே அவர் அங்கே நடந்துகொண்டிருக்கிறார் என்பதே மோசேயின் சாட்சி. அவர் பாதம் படும் தரையில் நாம் எதை விட்டு வருகிறோம், யாரைக் களைப்படையச் செய்கிறோம் என்பதே நம் ஆராதனையின் அளவு. எனவே பொருட்களை ஏற்றும்போது பட்டியலில் முதலாவதாக அந்தச் சிறு மண்வெட்டியை எழுதுங்கள்.

ஜெபம்: பர்வதங்களையும் சமவெளியையும் உண்டாக்கின ஆண்டவரே, எங்கள் குடும்பங்களின் பயணங்களில் நீர் உடன் வாரும். நாங்கள் தங்கும் இடம் உமக்கு உகந்ததாயிருக்கட்டும். எங்களைச் சுமந்து செல்கிறவர்களும் எங்களோடு இளைப்பாறட்டும். வீடற்றோரை மறவாத இருதயத்தை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்